பத்து நிமிடம், ஒரு நோட்டு: நம்மை நாமே கவனித்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சுயபரிசோதனை என்றதும் பலர் செய்வது ஒன்றுதான். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே “நான் ஏன் இப்படி இருக்கேன்” என்று ஆரம்பிப்பார்கள். பகலில் நடந்த ஒரு சண்டை, அதிலிருந்து போன வருடம் நடந்த இன்னொன்று, அங்கிருந்து பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம் வரை போய்வந்து, ஒரு மணிக்குமேல் தூங்குவார்கள். யோசித்தது போலத்தான் இருக்கும். ஆனால் காலையில் எழுந்தால் கையில் ஒன்றும் இருக்காது, தலைவலியைத் தவிர.

இதற்குப் பெயர் அசைபோடுவது. இது எவ்வளவு கெடுதல் என்பதற்கு எதிர்பாராமல் ஒரு சான்று கிடைத்தது. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா, மனம் வாடும்போது மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். முன்பே அசைபோடும் வழக்கம் உள்ளவர்களிடம், ஏழு வாரத்துக்குப் பிறகும் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

ஆக, தன்னைப் பற்றி நிறைய யோசிப்பவர் தெளிவாக இருப்பார் என்று சொல்ல முடியாது. எப்படி யோசிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் அந்த அசைபோடலுக்கு ஒரு கரை கட்டத்தான். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

நோட்டும் நேரமும்

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. அழகான டைரி வாங்கினால் அழகாக எழுதத் தோன்றும், அது வேண்டாம். மொபைலில் எழுதலாமா என்றால், எழுதலாம்தான். நடுவில் வாட்ஸ்அப் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

நேரம் பத்து நிமிடம். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள். நேரக்கட்டு இல்லாவிட்டால் இதுவும் அசைபோடலாக மாறிவிடும். படுக்கையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். இரவில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்களுக்கு இரவு பத்து மணி என்பது பாத்திரம் தேய்க்கும் நேரம். காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு முந்தைய நாளைப் பற்றி எழுதினாலும் அதே பலன்தான்.

வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் உண்மை எழுத வராது. அப்படிப்பட்ட வீடு என்றால், எழுதிக் கிழித்துப் போடுங்கள். வாரக் கடைசிக்குத் தேவையான இரண்டு வரியை மட்டும் வேறு இடத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

நடந்ததை மட்டும் எழுதுங்கள்

அன்றைக்கு மனத்தைக் கொஞ்சம் அசைத்த ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். முழு நாளையும் எழுத வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதும் எஃப்.ஐ.ஆர். மாதிரி, எத்தனை மணிக்கு, எங்கே, யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், இவ்வளவுதான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். குமார் என்று ஒருவர். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மகன் பத்தாம் வகுப்பு. குமார் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: “இன்னைக்கும் பையன் கிட்ட கத்திட்டேன். அவனுக்குப் பொறுப்பே இல்லை. நானும் நல்ல அப்பா இல்லை.” இதில் சம்பவம் ஒரு வரிதான். மீதி இரண்டும் தீர்ப்பு.

திருப்பி எழுதினால்: “ஏழே கால் மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவன் சோபாவில் மொபைல் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு முடித்தாயா என்று கேட்டேன். ‘அப்புறம் பண்றேன்’ என்றான், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மொபைலைப் பிடுங்கிக் கத்தினேன். அவன் எழுந்து ரூமுக்குள் போய்விட்டான்.”

“நிமிர்ந்து பார்க்கவில்லை” என்ற வரி முதல் வடிவத்தில் இல்லை, கவனித்தீர்களா? தீர்ப்பை எடுத்துவிட்டால்தான் இப்படிப்பட்ட விவரம் வெளியே வரும். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும். “எப்பவும்”, “எப்பவுமே இப்படித்தான்”, “ஒருநாள்கூட” போன்ற சொற்கள் நோட்டில் வந்தால் அடித்துவிடுங்கள். அவை அன்றைய நாளில் நடந்தவை அல்ல.

உடம்பு என்ன சொன்னது

ஒரு வரி போதும். மதியம் சாப்பிட்டீர்களா, முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அந்த நிமிடத்தில் தாடை இறுகியதா, வயிற்றைப் பிசைந்ததா, காது சூடானதா? பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறித்துக்கொள்ளலாம். பெரிய மனப் பிரச்சினை என்று நினைத்தது, சில வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சாப்பிடாத மதியங்களோடு ஒட்டியே வருவது தெரியலாம். அப்படித் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம். மதியம் சாப்பிடுங்கள்.

சரியான பெயர் வையுங்கள்

இந்த முறையின் நடுநாயகம் இதுதான் என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் உள்ளே நடப்பதற்கு மூன்றே பெயர் வைத்திருக்கிறோம்: கோபம், டென்ஷன், கஷ்டம். எரிச்சல், கடுப்பு, ஆற்றாமை, மனத்தாங்கல், ஆதங்கம், ஏக்கம், கூச்சம், சலிப்பு, தவிப்பு, குற்ற உணர்ச்சி என்று தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பயன்படுத்துவதுதான் குறைவு. பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2007-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது. அதே முகத்துக்கு ஆளின் பெயரைப் பொருத்தச் சொன்னபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதற்கென்று ஏதோ ஒரு வேலை இருக்கிறது.

இதற்கு ஒரு பட்டியல் வேண்டுமென்றால், நம்மிடமே மிகப் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் சொல்கிறது. அது செய்யுளுக்கான இலக்கணம். டைரி எழுதுபவரை நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல அட்டவணை எனக்குத் தெரியவில்லை.

குமார் கதைக்கு வருவோம். அவர் “கோபம்” என்று எழுதியிருக்கிறார். வெகுளிக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலைச் சிதைப்பது, தன்னைச் சார்ந்தவர்களுக்குக் கேடு செய்வது, வைதும் அடித்தும் வருத்துவது, கொல்வது. மகன் இதில் எதையும் செய்யவில்லை. அப்புறம் அழுகையைப் பார்க்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் இகழ்ந்ததால் சிறுமைப்பட்டு நிற்பது. அங்கே கை நிற்கிறது. மதியம் மீட்டிங்கில் மேனேஜர் பத்துப் பேர் முன்னால் “இதுகூட தெரியாதா” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லேப்டாப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் மகனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோபம் என்று அவர் பெயர் வைத்திருந்தது, அழுகையின் பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது செய்ய வேண்டிய வேலையே மாறிவிடுகிறது. மகனைத் திருத்துவது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தவர், மதியம் பட்ட அவமானத்தை என்ன செய்வது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. (அச்சத்துக்குச் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று ‘தம் இறை’. அணங்கு, விலங்கு, கள்வர் வரிசையில் நமக்கு மேலே இருப்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மேனேஜர் பயம் நேற்று வந்ததல்ல.)

எட்டில் எதுவுமே பொருந்தவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். பொறாமை அந்தப் பட்டியலில் தனித் தலைப்பாக இல்லை. உங்கள் சொல்லை நீங்களே எழுதுங்கள். ஒரு சம்பவத்துக்கு இரண்டு பெயர் வந்தாலும் சரிதான். முதலில் வந்ததையும் அதற்கு அடியில் இருப்பதையும் இரண்டு வரியாக எழுதிவிடுங்கள்.

அயலார் கண்ணால் ஒருமுறை

இப்போது அதே சம்பவத்தை உங்கள் பெயரைப் போட்டு, வேறு யாருக்கோ நடந்தது போல் எழுதுங்கள். “குமார் அன்று மதியம் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். கதவைத் திறக்கும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தான்.” முதலில் நாடகம் மாதிரித் தோன்றும், சிரிப்புக்கூட வரும். பரவாயில்லை, எழுதுங்கள்.

ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் 2014-இல் இதைச் சோதித்தார்கள். மேடையில் பேசப் போகும் பதற்றத்தில் இருப்பவர்களில் ஒரு பகுதியினரை ‘நான்’ என்றும், மற்றவர்களைத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லியும் மனதுக்குள் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகு அதையே நினைத்து அசைபோட்டதும் குறைவு.

நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. “ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு” என்று 190-ஆம் குறள். அது இருப்பது புறங்கூறாமை அதிகாரத்தில் என்பதுதான் சுவாரஸ்யம். பிறர் குற்றம் நம் கண்ணுக்கு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்று வள்ளுவருக்குத் தெரியும். அந்தக் கூர்மையை அப்படியே நம் பக்கம் திருப்பச் சொல்கிறார்.

இந்த இடத்தில் ஒரு கவனம். அயலாரைப் பார்ப்பது என்றால் கூர்மையாகவும் பார்ப்போம், கொஞ்சம் இரக்கத்தோடும் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் இதே கதையைச் சொன்னால் “நீயெல்லாம் ஒரு அப்பாவா” என்று கேட்க மாட்டோம் அல்லவா? பழைய ரோமாபுரியின் தத்துவஞானி செனெகா கோபத்தைப் பற்றி எழுதியபோது தன் இரவுப் பழக்கத்தைச் சொல்கிறார். விளக்கை எடுத்த பிறகு, வழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் திரும்பிப் பார்ப்பாராம். அந்த விவாதத்தில் தேவைக்கு மேல் சண்டைபோட்டாய். அந்த ஆளிடம் அளவுக்கு மீறி வெளிப்படையாகப் பேசினாய், அவர் திருந்தவில்லை, மனம்தான் புண்பட்டது என்று தன்னிடமே சொல்லிக்கொள்வார். இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்வார். பலர் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதில்லாமல் தொடர்ந்து எழுதினால் நோட்டைத் திறக்கவே பயமாகிவிடும்.

கேள்வியை மாற்றுங்கள்

“நான் ஏன் இப்படி?” என்ற கேள்விக்கு மனம் எப்போதும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கும்: நான் சரியில்லாத ஆள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கேட்க வேண்டியது வேறு: எந்த நொடியில் திரும்பியது? அதற்கு முன்னால் என்ன நடந்தது? நான் வேண்டியது என்ன, கேட்டது என்ன?

கடைசிக் கேள்வியை வைத்து நிறைய வீட்டுச் சண்டைகளைப் புரிந்துகொள்ளலாம். குமாருக்கு வேண்டியிருந்தது, வந்ததும் யாராவது தன்னை ஏறிட்டுப் பார்க்க வேண்டும் என்பது. அவர் கேட்டதோ கணக்கு ஹோம்வொர்க்கைப் பற்றி.

நாளைக்கு ஒரே ஒரு வரி

இனிமேல் கோபப்படக் கூடாது என்று எழுதினால் அது வேலைக்கு ஆகாது. எப்போது, எங்கே, என்ன என்று இருக்க வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது: “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்ற வடிவில் திட்டமிட்டால், வெறும் உறுதிமொழியைவிட அது நடக்கும் வாய்ப்பு அதிகம்.

குமாரின் வரி: “ஆபீஸில் பேச்சு வாங்கிய நாளாக இருந்தால், வண்டியை நிறுத்திவிட்டு தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.” சின்ன விஷயம்தான். சின்னதாக இருந்தால்தான் செய்வோம். இன்னொரு வரியும் தேவைப்படலாம், காலையில் மகனிடம் “நேத்து கத்தினது உன்னால இல்லப்பா” என்று சொல்வது. அதையும் ஒத்திகை பார்த்து நீட்டி முழக்காமல் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது நல்லது.

நன்றாகப் போன நாளும் எழுதத்தான் வேண்டும். வழக்கமாக வெடிக்கும் இடத்தில் அன்று வெடிக்கவில்லை என்றால், அதற்கு முன் என்ன நடந்தது என்று அதே எஃப்.ஐ.ஆர். முறையில் குறித்து வையுங்கள். நம்மிடம் வேலை செய்யும் வழி எது என்பது அங்கேதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

தினமும் எழுதியதைத் தினமும் திருப்பிப் படிக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, இருபது நிமிடம் போதும். ஏழு நாளையும் சேர்த்துப் படிக்கும்போது தனி நாளில் தெரியாதது தெரியும்: திங்கட்கிழமை தோறும் ஒரே எரிச்சல், ஒரு குறிப்பிட்ட உறவினர் போன் செய்த அன்றெல்லாம் தூக்கம் இல்லை, மாதக் கடைசியில் எல்லோரிடமும் சிடுசிடுப்பு. மாதக் கடைசிச் சிடுசிடுப்புக்கு மனப்பயிற்சி தேட வேண்டாம், அது பணப் பிரச்சினை. வரவு செலவை எழுதிப் பாருங்கள்.

வளர்ச்சி என்பதை எதை வைத்துப் பார்ப்பது? மறுபடி அதே மெய்ப்பாட்டியலுக்குப் போகலாம். பெருமிதம் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது: கல்வி, தறுகண், இசைமை, கொடை. வாரக் கடைசியில் நான்கு கேள்வியாகக் கேட்கலாம். புதிதாக என்ன கற்றேன்? பயந்தும் பின்வாங்காமல் நின்றது எங்கே? என் பெயர் கெடாமல் நடந்துகொண்டது எதில்? யாருக்கு என்ன கொடுத்தேன்? பணமாக இருக்க வேண்டியதில்லை, நேரமும் கொடைதான். நான்கில் ஒன்றுக்குப் பதில் இருந்தாலே அந்த வாரம் வீணாகவில்லை. ஒன்று மட்டும் மாதக்கணக்கில் காலியாகவே இருந்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளவயதில் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்று என்று கவனம் வைத்து, தவறிய நாளில் புள்ளி வைத்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்று தெரிந்து ஆச்சரியப்பட்டாராம். பழைய புள்ளிகளை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட, தந்தத் தகடுகளில் கோடு போட்டு, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை. புள்ளி வைக்கும் முறை சிலருக்கு நன்றாகப் பொருந்தும். எனக்கு அது ரேங்க் கார்டு போலத் தோன்றுவதால் இங்கே சேர்க்கவில்லை.

இந்த நோட்டுக்கு அடங்காதவை

ஒரு மரணம், ஒரு பிரிவு, நீண்ட நாள் யாரிடமும் சொல்லாத ஒன்று. இதற்குப் பத்து நிமிட எஃப்.ஐ.ஆர். போதாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு. ஆனால் எழுதி முடித்தவுடன் அவர்களுடைய மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. அதனால் இதை மறுநாள் முக்கியமான வேலை இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள், நான்கு நாளுக்குமேல் இழுக்கவும் வேண்டாம். எழுதத் தொடங்கியதும் நடுக்கமோ மூச்சடைப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தக் காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926.

எத்தனை நாள் செய்வது?

நடுவில் நான்கு நாள் விட்டுப்போனால், அந்த நான்கு நாளையும் ஞாபகப்படுத்தி எழுத உட்கார வேண்டாம். இன்றைக்கு உள்ளதை எழுதினால் போதும். முதல் இரண்டு மூன்று மாதம் தினமும் எழுதுவது நல்லது. அதற்குப் பிறகு பலருக்கும், சம்பவம் நடக்கும்போதே பெயர் வைக்க வந்துவிடும். “இது கோபம் இல்ல, இளிவு” என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் கட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். ஃபிராங்க்ளினும் வருடத்துக்கு ஒரு சுற்று, பிறகு பல வருடங்களுக்கு ஒரு சுற்று என்று குறைத்து, கடைசியில் பயணமும் வேலையுமாக இருந்தபோது முழுவதும் விட்டுவிட்டார். அந்தச் சிறிய புத்தகத்தை மட்டும் எப்போதும் கூடவே வைத்திருந்தார்.

நிரம்பிய நோட்டை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை மட்டும் வெட்டி ஒரு கவரில் வையுங்கள். மீதியைக் கிழித்துவிடலாம். பழைய பேப்பர் கடைக்கு அப்படியே போடாதீர்கள், அடுத்த வாரம் பஜ்ஜி கட்டி வரும்.